மாப்பிள்ளை பார்த்த மச்சான்

பெண் பார்க்க வந்த தொம்மை, கித்தேரியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே அவள் அண்ணன் மிக்கேலைத்தான் ஏற இறங்கப் பார்த்தான்.

"மச்சான், சாராயம் குடிப்பியளோ?"

"சீச்சீ!"

"பகல்ல கண்ணசருவியளோ?"

"கல்யாணம் யாருக்குவே, அவளுக்கா எனக்கா?" மிக்கேல் எரிந்து விழுந்தான்.

தொம்மை நெற்றி வியர்வையைத் துடைத்தான். "உலகச் சண்டை முடிஞ்சு எங்க முத்துக் கம்பெனிக்குப் புதுசா இரும்புத் தொப்பி வந்திருக்கு. அடுத்த மாசம் அத மாட்டி என்னையத்தான் முத்துக் குளிக்க இறக்குதாவ. மேல படகுல ஒருத்தர் பம்பு அடிச்சாத்தான் கீழ எனக்குக் காத்து. நிறுத்துனா செத்தேன். தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுன்னு நெனைக்கிற மச்சானத்தான் நம்ப முடியும்."

உள்ளிருந்து கித்தேரி சிரித்தாள்.

"அப்ப என் மேல கைய ஓங்குறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கிடும். ஒம்ம மூச்சு எங்கண்ணன் கையிலல்லா இருக்கு!"