பூநாரையின் அடக்கம்

ஏரிப் பறவைகளுக்குத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு நின்ற பூநாரை, “நான் ஜெயிச்சா காவலுக்கு ஆட்காட்டிக் குருவி, மீன் தேட நீர்க்காகம்” என்று இரண்டையும் மேடைக்கு அழைத்து வந்தது.

“அவங்க யாரா இருந்தா என்ன? நீங்க அந்தச் சிவப்புச் சிறகை விரிங்க!” என்று கூட்டம் கத்தியது. பூநாரை விரித்தது. ஜெயித்தும் விட்டது.

ஒரு காலையில் நரி புதருக்குள் பதுங்கி வந்தது. ஆட்காட்டி அலறியதும் எல்லாப் பறவைகளும் பறந்து தப்பின.

“தலைவர் வாழ்க!” என்றது கூட்டம்.

“என்னையும் சேர்த்துக் காப்பாத்தினது ஆட்காட்டிதான்” என்றது பூநாரை.

“அடடா, என்ன அடக்கம்!” என்று கூட்டம் இன்னும் பலமாகக் கோஷம் போட்டது.

பூநாரை சங்கடத்தோடு ஆட்காட்டியைப் பார்த்தது.

ஆட்காட்டி சிரித்தது. “விடுங்க தலைவரே. அவங்க உங்களையே பார்த்துட்டு இருக்கட்டும், நான் நரியைப் பார்த்துக்கிறேன்.”