லோர்னா காப்பாற்றிய பாலம்

“தாத்தா, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

கூரை போட்ட அந்தப் பழைய மரப்பாலத்தின் முகப்பில் கணவனோடு நின்றாள் பிரென்னா. ஆர்லோ செல்போனை வாங்கிக்கொண்டார்.

“எவ்வளவு அழகு! நல்லவேளை, இதை இடிக்காம விட்டாங்க.”

“இடிச்சுட்டு கான்கிரீட் பாலம் கட்டத்தான் இருந்தாங்க. என் பொண்டாட்டி லோர்னாதான் ஊர்க்கூட்டத்துல எழுந்து சண்டை போட்டா. மொத்த ஊரும் அவ பக்கம் கை தூக்குச்சு, என்னைத் தவிர.”

“ஐயையோ! வீட்டுல சும்மா விட்டாங்களா?”

“ஒரு வாரம் நானே சமைச்சு நானே தின்னேன்.”

பிரென்னா சிரித்துவிட்டாள். “அவங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணுமே! உங்க வீடு எங்கே?”

“பாலத்தைத் தாண்டினா முதல் வீடு.”

அவள் எட்டிப் பார்த்தாள். “அங்கே ஒரு புகைபோக்கி மட்டும்தானே நிக்குது? அதுவும் பழங்காலத்துச் சின்னமா?”

“இல்லம்மா. போன மாசம் வரைக்கும் அதைச் சுத்தி வீடு இருந்துச்சு.”

ஆர்லோ செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“தீயணைப்பு வண்டி உடனே வந்துடுச்சு, இதோ, நீங்க நிக்கிற இடம் வரைக்கும். அதுக்கு மேல உள்ளே நுழைய முடியல, வண்டியோட உயரத்துக்குப் பாலத்துக் கூரை இடிச்சுது. லோர்னா வீட்டுக்குள்ள இருந்தா.”