பதகளிப்பு மருந்துக் கள்ளன்

போத்தலில் மருந்து இன்றைக்கும் இரண்டு விரல் குறைந்திருந்தது.

ஏரம்புப் பரியாரியார் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். அமுக்கராக் கிழங்கையும் வல்லாரையையும் நாள் முழுக்க அவித்து, வற்றவைத்து இறக்கிய சாறு. மனப்பதற்றம் என்கிற பதகளிப்புக்கு நெடுங்கேணியில் அதை மிஞ்சிய மருந்து இல்லை. வன்னிக்குள் ஆஸ்பத்திரிக் குளிசை வருவதே அபூர்வமாகிவிட்ட தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. குண்டு போட வரும் பொம்பர் இரைச்சலில் நெஞ்சு படபடத்தவர்களும் நித்திரை தொலைத்தவர்களும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

மருந்துக் கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. தட்டியைத் தள்ளினால் யாரும் நுழையலாம். காவல் இருந்து பிடிப்போமென்று உள்ளே பாய் போட்டுப் படுத்தும் பார்த்தார். என்ன மாயமோ, இப்போதெல்லாம் தலை சாய்ந்ததும் நித்திரை அமுக்கிவிடுகிறது.

"ஆர் எடுக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் மனைவி விமலேஸ்வரியிடம். "சிவராசாதான்."

அடுத்த வளவுச் சிவராசா உழவு மெசின் இரைந்தாலே துள்ளி எழும்புகிற ஆள். அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறான் என்று போன மாதம் அவனுக்கு மருந்தை நிறுத்தியிருந்தார். இப்போது என்னடாவென்றால் தலைக்கு மேலே பொம்பர் போனாலும் வேலியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுகிறான்.

"அந்தாள் அப்பிடிச் செய்யாது," என்றார் விமலேஸ்வரி. "விடுங்கோ. தேவைப்பட்ட ஆருக்கோதானே போகுது."

"நீர் பேசாமல் இரும். நாளைக்குக் கள்ளன் தானாய் ஓடித் திரிவான்."

அன்று பின்னேரம், மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மருந்தை வேறு போத்தலுக்கு மாற்றி ஒளித்தார். பழைய போத்தலில் மிச்சம் விட்ட கொஞ்சத்தோடு, பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரைச் சாற்றைக் கழுத்துமட்டும் நிரப்பினார். மாட்டுக்கே வயிற்றாலடிக்கும்.

காலையில் விமலேஸ்வரி கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்தபடி குடித்து முடித்து, வேலியோரம் கதிரையைப் போட்டுக் குந்தினார். அங்கிருந்து பார்த்தால் சிவராசாவின் கக்கூஸ் நன்றாகத் தெரியும்.

சிவராசா மண்வெட்டியும் தோளுமாக வந்தான்.

"என்ன பரியாரியார், வெள்ளணவே இதில இருக்கிறியள்?"

"சும்மாதான். வயிறு ஏதும் செய்யுதோ?"

"வயித்துக்கு என்ன? இப்பதான் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு முடிச்சனான்."

"முந்தி மெசின் சத்தத்துக்கே நடுங்குவாய். இப்ப எப்பிடியடா துணிவு வந்தது?"

"பயந்து பயந்து களைச்சுப் போனன், பரியாரியார்," என்றுவிட்டு அவன் வயலுக்கு நடந்தான்.

எங்கோ இடி முழங்கியது. ஏரம்பர் அண்ணாந்து பார்த்தார். வானம் வெளித்துக் கிடந்தது. மறுபடியும் முழங்கியபோதுதான் அது தன் வயிறென்று விளங்கியது. வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் தரமும் ஓடி வந்து கதிரையில் விழுந்தவரைக் கண்டு விமலேஸ்வரி கலங்கிப்போனார்.

"இஞ்சாருங்கோ, இரவிரவாய் நித்திரையில்லாமல் பதறினியள், கேட்டால் 'எனக்கென்ன பதகளிப்பு' எண்டு ஏசுவியள் எண்டுதான் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் உங்கட தேத்தண்ணிக்குள்ள விட்டுத் தந்தனான், இவ்வளவு நாளும் உந்த மருந்து வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லையே."