இடது பக்கச் சத்தம்

"யார் பண்ணின வேலைன்னு இப்பத் தெரிஞ்சுடும்!"

ஒர்க்ஷாப்புக்குள் நுழையும்போதே அவன் சொல்லிவிட்டான். பாதி இறக்கிவிட்டிருந்த ஷட்டருக்குள் அவன் நிமிர்ந்தபடியே போனான். அவனைவிட நாலு விரல் உயரமான மனைவி குனிந்து வந்தாள். கடைசியாக, சாட்சி சொல்ல அவனே கையோடு அழைத்து வந்திருந்த அம்மா.

விஷயம் இதுதான். பள்ளத்தில் இறங்கினால் காரின் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தவன் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது.

வார நாளெல்லாம் காரை வைத்திருப்பவள் மனைவி. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிறகு வேறு யாரைச் சொல்வது?

காலையில் வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போன மெக்கானிக், அதை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார். நீளமான இரும்புக் கம்பியைச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து நெம்பினார்.

டொக்.

"இதானே சார் சத்தம்?"

"இதேதான். ஷாக் அப்சார்பர் போயிடுச்சா?" என்றான் அவன், எல்லாம் தெரிந்தவன் போல.

"அதை முதல்லயே பார்த்துட்டேன், நல்லா இருக்கு. இங்க பாருங்க, இந்த ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கு. இது போனா இரும்பும் இரும்பும் மோதிக்கும். புதுசு போட்டா இன்னிக்கே வண்டியை எடுத்துக்கலாம்."

"தானா கிழியுமா?"

மெக்கானிக் தயங்கினார். பிறகு டயரின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார். வரிவரியாகச் சிராய்ப்பு.

"பிளாட்பாரக் கல்லுல ஏத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. ஓரம் கட்டும்போது ஏறியிருக்கும். எல்லாம் இடது பக்கம்தான்."

டயர் தேய்ந்த வருத்தத்தைவிடச் சொன்னது பலித்த சந்தோஷம்தான் அவன் முகத்தில் பெரிதாகத் தெரிந்தது.

"பார்த்தியாம்மா உன் மருமக லட்சணத்தை?"

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையே போதும் என்று மகன் நினைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு சார்," மெக்கானிக் முட்டியைத் தேய்த்தார். "சீட்டை யாரு இவ்வளவு முன்னாடி இழுத்து வெச்சது? காலையில ஏறி உட்கார்ந்ததும் முட்டி ஸ்டியரிங்ல இடிச்சு உயிரே போயிடுச்சு."

"நான்தான்," என்றாள் மனைவி சட்டென்று. "எல்லாம் நான்தான். கல்லுல ஏத்தினதும் நான்தான். இப்ப என்ன அதுக்கு?"

"திமிரைப் பாரு! தப்பும் பண்ணிட்டு எகிறவும் செய்யறா."

"எங்கேயும் இடிக்காம ஓட்டக் கத்துக்கிட்டவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, கால்ல விழறேன். நீங்க கத்துக்கிட்டப்ப சொந்த வீட்டு கேட்டையே பேர்த்து எடுத்தீங்களாமே, அத்தை சொல்லியிருக்காங்க. அன்னிக்கு யாராவது உங்க கையிலேர்ந்து சாவியைப் புடுங்கினாங்களா?"

மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

அவன் மேஜை மேலிருந்த கார் சாவியை வெடுக்கென்று எடுத்தான். "போதும். இனிமே இது என் பாக்கெட்லதான் இருக்கும். நீ பஸ்ல போ."

"முடியாது. நாளைக்குக் காலையில எனக்கு வண்டி வேணும். இன்னும் பத்துத் தடவை கல்லுல ஏறினாலும் ஏறும். ரப்பர் போனா வேற ரப்பர் போட்டுக்கலாம். நான் நிறுத்தப் போறதில்ல."

இப்படி ஒருத்தி நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசினால் எந்தக் கணவனுக்குத்தான் பொறுக்கும்? அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"பெரியவளா லட்சணமா நீயாவது நாலு வார்த்தை கேளும்மா!"

அம்மா எழுந்தாள்.

"அத்தை, வேண்டாம். உட்காருங்க," என்றாள் மருமகள் அவசரமாக.

அம்மா உட்காரவில்லை. நேரே மகனிடம் போய் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தோளுக்குக்கூட எட்டாத உயரம்தான் அவள். மூடியிருந்த அவன் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்து, மருமகள் கையில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"கல்லுல ஏத்தினது நான்டா. எனக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் மூச்சு விடாதேன்னு நான்தான் இவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போன வருஷம் முதல்ல உன்கிட்டதான் கேட்டேன். 'இந்த வயசுல ஸ்டியரிங்கைப் பிடிச்சு எங்கம்மா போகப் போறே'ன்னு சிரிச்சே. இவ சிரிக்கலடா. சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டா."