ஸ்கூட்டர் மாதிரி தூக்குது

"ரெண்டு பேர் உக்காந்து போற ஸ்கூட்டர், மேட்டுல ஆக்சிலேட்டரை முறுக்கினதும் பின்னால தூக்கிக் குடுக்குமே, அது மாதிரி தூக்குது."

படித்துவிட்டு போஹான் தாளை மேசைமேல் வீசினான்.

"இதுக்குப் பேர் சோதனை அறிக்கையா? எத்தனை மில்லிமீட்டர் தூக்குதுன்னு கேட்டா, இந்தம்மா கதை எழுதி அனுப்புது!"

தாய்ச்சுங் ஊர் ஓரத்தில் இருக்கும் அந்த சைக்கிள் தொழிற்சாலையில் ஐந்து மாதமாக அவன்தான் வடிவமைப்பாளன். கையில் இருப்பது ஒரே வேலை. செயின் இல்லாத சைக்கிள். செயினுக்குப் பதிலாக ஓர் இரும்புத் தண்டு சுழன்று பின்சக்கரத்தை ஓட்டும். அதற்குப் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் வைக்க வேண்டும். வைத்தால், ஊன்றி மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கமே மேலே எழும்பித் தொலைக்கிறது.

ஆறு முறை வரைந்தாயிற்று. ஆறு முறையும் வண்டியை ஓட்டிப் பார்க்கும் பாவ்யூ அக்கா 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பியாயிற்று. முதல் இரண்டு அறிக்கைகளாவது எண்களோடு வந்தன. மூன்றாவதிலிருந்து அம்மணிக்குச் சோம்பல் வந்துவிட்டது. எல்லாம் ஸ்கூட்டர் மாதிரி, ஸ்கூட்டர் மாதிரி!

நேரே பட்டறைக்குப் போனான். அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அங்கே உருவாகும் ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஏறி உட்காருகிறவள்.

"அக்கா, எப்போ தூக்குது? முதல் மிதியிலயா, சுத்து முழுக்கவா?"

"சிக்னல்ல பச்சை விழுந்ததும் பின்னாடி நிக்கிற பஸ்காரன் ஹார்ன் அடிப்பானே, பதறிப்போய் முறுக்குவீங்களே. அந்த நேரத்துல."

"நான் சைக்கிளைப் பத்திக் கேக்குறேன்!"

"நானும் அதைத்தான் தம்பி சொல்றேன்."

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினான். வரும் வழியெல்லாம் பஸ்காரன் ஹார்ன் காதிலேயே நின்றது. பதறி முறுக்கினால்தான் தூக்குகிறது. அப்படியானால் தண்டின் முனையில், சக்கரத்துப் பக்கமுள்ள பல்சக்கரப் பெட்டிதான் திமிறுகிறது. அதைத் தனியாக ஒரு கம்பி போட்டு சட்டத்தோடு கட்டிவிட்டால்?

ஏழாவது படம் பிறந்தது; அதன்படி வண்டியும் தயாரானது. அதற்கு அக்காவுக்கு நன்றி சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை, வண்டியை வாங்கப்போகும் ஹாலந்துக்காரர் வந்துவிட்டார். அவருக்குப் பிடிக்காவிட்டால் இந்த வண்டிக்கு மூடுவிழா. அதோடு போஹான் வேலைக்கும்.

அவர் அரைகுறைச் சீன மொழியில் சொன்னார். "எங்க ஊர்ல ஒரு வழக்கம். வரைஞ்சவர்தான் முதல்ல ஓட்டிக் காட்டணும்."

லியாவ் முதலாளி சிரித்தார். "அதுக்கென்ன! இவன் வீட்ல மூணு சைக்கிள் வச்சிருக்கான். ஓட்டுடா!"

போஹான் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான்.

மூன்று சைக்கிள் என்பது நேர்முகத் தேர்வில் அவிழ்த்துவிட்டது. உண்மையில் ஒன்றுகூடக் கிடையாது. அவனுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. தாய்பேயில் பதினோராவது மாடியில் வளர்ந்த பிள்ளை; ரோட்டில் இறங்க அம்மா விடவில்லை. பதினெட்டு வயதில் நேராக ஸ்கூட்டர்தான். சைக்கிள் செய்யும் இந்தத் தொழிற்சாலைக்கே எல்லாரும் ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள், அதனால் இத்தனை நாள் வண்டி ஓடியது.

வேறு வழியில்லாமல் கைப்பிடியைப் பிடித்தான்.

"கையை எடுங்க தம்பி!"

பாவ்யூ அக்கா ஓடி வந்து வண்டியைப் பிடுங்கினாள்.

"வரைஞ்சவர் ஓட்டினா நல்லாத்தான் இருக்குன்னு சொல்வார். காசு குடுக்கப்போறவர் ஓட்டட்டும். இந்தாங்க சார், சீட்டை ஏத்தித் தர்றேன்."

முதலாளி பல்லைக் கடித்தார். ஹாலந்துக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். போஹானுக்கு நிம்மதி ஒரு பக்கம், இத்தனை பேர் முன்னால் பொய்யன் போல ஆக்கிவிட்டாளே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

ஹாலந்துக்காரர் இரண்டு சுற்று சுற்றினார். சரக்கு ஏற்றும் சரிவில் எழுந்து நின்று மிதித்தார்.

"தூக்கவே இல்லையே!" என்றபடி இறங்கினார்.

முதலாளி முகம் மலர்ந்து, சோதனை அறிக்கைக் கோப்பை நீட்டினார். ஹாலந்துக்காரர் புரட்டப் புரட்ட அவர் புருவம் உயர்ந்தது.

"யார் எழுதினது? இவ்வளவு துல்லியமா!"

போஹான் எட்டிப் பார்த்தான். பாவ்யூ அக்காவின் குண்டு குண்டு எழுத்து. எத்தனை கிலோ அழுத்தம், பெடல் எந்த நிலையில், எத்தனை மில்லிமீட்டர், ஓரத்தில் சின்னப் படம். ஆறு அறிக்கை, ஒவ்வொன்றிலும் அவனுக்கு வந்த அறிக்கையின் அதே தேதி. ஒன்றிலும் ஸ்கூட்டர் இல்லை.

முதலாளியும் விருந்தாளியும் டீ குடிக்க உள்ளே போனதும் வெடித்தான்.

"இப்படி எழுதத் தெரிஞ்சுக்கிட்டே, எனக்கு மட்டும் ஏன் அந்த ஸ்கூட்டர் கதை? நான் என்ன உங்களுக்கு விளையாட்டுப் பொம்மையா?"

"அளவு எழுதின ரெண்டும் உங்களுக்கு உதவலையே தம்பி."

"அதுக்கு?"

"மூணாவது வண்டி வந்தப்போ, ஸ்டாண்டுல நின்ன அதுமேல ஏறி உக்காந்து பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"உங்க கால் பெடலைத் தேடலை. வலது கைதான் இல்லாத ஆக்சிலேட்டரை முறுக்குச்சு."