ஊதின சங்கு

"ரெண்டுமே நல்ல ஹெட்போன்தான் பாய்! ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க!"

செந்தில்குமார் கத்தினான். கத்தாமல் பேசினால் ஜமால் முகமது காதருகே கையைக் குவித்து, "ஆங்?" என்பார். கடை திறந்ததிலிருந்து கத்திக் கத்தி அவன் தொண்டை வறண்டு கிடந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கடையில், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் விற்றுவிட்டுப் போகும் டேப் டெக்கும் ஸ்பீக்கரும்தான் சரக்கு. அதில் உசத்தி இந்த இரண்டு ஹெட்போன்கள். ஒன்று ஜப்பான், இன்னொன்று ஜெர்மன். வந்து சேர்ந்த நாளாக அவன் வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

அதைக் கேட்டு வந்திருப்பவரோ, லெப்பைக்குடிக்காட்டில் 'காது மந்தம் ஜமால்' என்றால் எல்லோருக்கும் தெரிந்த மனிதர்.

கூடவே அவர் மனைவி ஜன்னத். "ஃபேனுக்குக் கீழ உட்காருங்கம்மா" என்று செந்தில்குமார் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

மகன் அனுப்பும் சவூதிப் பணம் இப்படித்தான் பேசாமல் நிற்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"நீயே மாட்டிக் கேட்டுச் சொல்லு ஜன்னத்து! எனக்கு வித்தியாசம் பிடிபடல!" என்றார் ஜமால், செந்தில்குமாரைவிடச் சத்தமாக.

"நல்லா இருக்கே! காது மந்தம் உங்களுக்கு, கேட்டுச் சொல்றது நானா?" அவளும் கத்தினாள். "தம்பி, இவருகிட்டக் கத்தியே என் தொண்டை போச்சு. கல்யாணமான புதுசுல மெல்லப் பேசினதோட சரி!"

செந்தில்குமார் பாட்டு கேசட் ஒன்றை எடுத்தான். ஜமால் தடுத்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை நீட்டினார். ரியாத்தில் வேலை செய்யும் மகன் அனஸ், பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியது.

"வெறும் பேச்சுக்கா பாய் ஜெர்மன் ஹெட்போன்? பிளாட்பாரத்துல விக்கிறதே போதுமே!"

"அந்தப் பேச்சுதான் தம்பி சரியில்ல." ஜன்னத்தின் குரல் உடைந்தது. "முன்னெல்லாம் கணீர்னு பேசி அனுப்புவான். இதுல முனகலாத்தான் இருக்கு. பிள்ளைக்கு என்னமோ நோவு, மறைக்கிறான். வேலை வேண்டாம், வந்து சேருன்னு சொல்லுங்கங்கிறேன். இவரு என்னடான்னா ஹெட்போன் வாங்கக் கூட்டியாந்துட்டாரு."

கேசட் டெக்கில் ஓட, ஜப்பானை மாட்டினாள். "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

ஜெர்மனை மாட்டினாள். "இது தேவலாம். ஆனா பேச்சு புரியல."

மறுபடி ஜப்பான். மறுபடி ஜெர்மன். வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். செந்தில்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜமால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கை வைத்தார். அதன் ஏழு குமிழ்களையும் செந்தில்குமார் மாலை தொங்குவது போல் வளைவாக நிறுத்தி வைத்திருந்தான். பெரம்பலூரில் பாட்டு கேட்கிறவர்கள் எல்லோரும் மெச்சிய வளைவு. ஜமால் இடது பக்கத்தில் கனத்த ஒலிக்கான பாஸ் குமிழ்களை அடியோடு இறக்கினார். வலது பக்கத்தில் கூர்மையான ஒலிக்கான டிரபிளை ஒவ்வொன்றாக ஏற்றினார். பார்வை மட்டும் மனைவியின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"அவ்வளவு தூக்காதீங்க பாய்! காதைக் கிழிக்கும்!"

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செந்தில்குமார் பொறுக்க மாட்டாமல் ஜன்னத்திடமிருந்து ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துப் பார்த்தான். தகரத்தை ஆணியால் கீறுவது போல் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லுக்குள்ளேயே முனகினான்.

"செவிடன் காதுல ஊதின சங்கு!"

கடைசிக் குமிழும் உச்சிக்குப் போனது.

"இருங்க! தொடாதீங்க!" ஜன்னத் அவர் கையைப் பிடித்துவிட்டாள். "பேசுறான்! நல்லாப் பேசுறான்! நைட் ஷிப்ட் முடிச்சவங்க ரூம்ல தூங்குறாங்களாம், அதான் மெல்லப் பேசுறேன்மாங்கிறான். மீன் கொழம்பு வச்சானாம், உப்புப் போட மறந்துட்டானாம். சிரிக்கிறான்!"

சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதையே வாங்கிக்குங்க. இதுலதான் உங்களுக்கும் கேக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பஸ் பார்க்க வெளியே போனாள்.

ஜமால் குமிழ்கள் நின்ற இடங்களை விரலால் அளந்துகொண்டார். வீட்டு டெக்கிலும் இதே ஏழு குமிழ்தானாம்.

செந்தில்குமார் பெட்டியைக் கட்டியபடி, பழக்கத்தில் கத்தினான். "ஒயரை மடக்கிடாதீங்க பாய்!"

"மெதுவாவே சொல்லுங்க தம்பி," என்றார் ஜமால். "நீங்க ஊதின சங்கே நல்லாக் கேட்டுச்சு."

கயிறு அவன் கையில் அப்படியே நின்றது.

"பாய்... அப்ப, காது மந்தம்னு ஊரெல்லாம்..."

"ஏங்க!" வாசலிலிருந்து ஜன்னத் கத்தினாள். "திட்டக்குடி பஸ் வந்துடுச்சு! கேக்குதா இல்லையா?"

ஜமால் காதருகே கையைக் குவித்தார். "ஆங்? என்ன சொன்ன? சத்தமா சொல்லு!"

பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மந்தம் எனக்குன்னு சொல்லி வச்சிருக்கிறதாலதான் தம்பி, எங்க வூட்டுக்கு வர்றவங்கல்லாம் கத்திப் பேசுறாங்க. அவ காது போயிட்டது இன்னும் அவளுக்கே தெரியாது."