ரிப்பன் கட்டிய விளக்குமாறு

திரையில் நான் அழத் தொடங்கினேன்.

எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர். தியேட்டரின் இருட்டே மெல்ல ஈரமாவது போல இருந்தது.

"எல்லாம் கிளிசரின்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "இந்தக் காலத்துல எந்தப் பிள்ள சினேகிதிக்காக இப்பிடி அழுகுது?"

"சும்மா இருங்க. பெத்த தாய் செத்ததுக்கே அழாத ஆளு நீங்க," என்றது ஒரு பெண் குரல். அந்தக் குரலும் அழுதுகொண்டுதான் இருந்தது.

பால்கனியில் பையன்கள் விசிலடித்தார்கள். கதையை என் வாயால் மூன்று தடவை கேட்டிருந்த அம்மாகூட சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

என் இடப்பக்கக் கதிரையில் ஷஹ்மா.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் அவளைப் பார்க்கிறேன். படத்தை இயக்கிய கிருஷாந்தி அக்கா எங்களைக் கண்டிக்கு வரவழைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். இடைவேளையிலும் நாங்கள் பேசவில்லை.

புசல்லாவையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரே ஒரு வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். 'நான் அன்னைக்குச் சொன்னது பிழை.' அவள் பக்கம் திரும்பினால் போதும், சொல்லிவிடலாம். கழுத்துதான் திரும்பவில்லை.

படத்தில் நாங்கள் உயிர்த் தோழிகள். வெளியே, படப்பிடிப்பின் நான்காம் நாளோடு எல்லாம் முடிந்துவிட்டது.

கடுகண்ணாவையில் ஷஹ்மாவின் வாப்பா வைத்திருந்த கடையிலிருந்துதான் எங்கள் எல்லோருக்கும் பகல் சாப்பாட்டுப் பார்சல் வரும். அன்று கிருஷாந்தி அக்கா அவளுடைய நடிப்பை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குப் பதினொரு வயது. பொறுக்க முடியவில்லை.

"சோத்துப் பார்சலுக்காகத்தான் அவளுக்கு இந்த வேஷம் கெடைச்சது," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பார்சல் பைகளோடு அவளுடைய வாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஷஹ்மா என்னோடு சேர்ந்து நிற்க மறுத்துவிட்டாள். மீதிக் காட்சிகளைத் தனித்தனியாக எடுத்தார்கள். ஒரு நாள் அவளை, மறுநாள் என்னை. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது போலவே இருக்கும்.

இப்போது ஓடிக்கொண்டிருந்த பிரிவுக் காட்சியும் அப்படித்தான். ரயில் வருவதற்கு முன்னால் தோழிகள் இருவரும் ஸ்டேஷன் மேடையில் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

உண்மையில் என் முன்னால் அவள் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஆள் உயர வெள்ளைப் பலகை ஒன்று நின்றது. அதன் ஓரத்தால் ஒரு விளக்குமாற்றின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அதில் ஷஹ்மாவின் சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தார்கள்.

"அதுதான் அவ. அதப் பாத்து அழு," என்றார் கிருஷாந்தி அக்கா.

பலகைக்குப் பின்னால் மறைந்து நின்று அதைப் பிடித்திருந்தவர் உதவி இயக்குநர் மோகனராஜ் அண்ணன். நல்ல நெட்டை.

அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டார்கள். கண் சிவந்தது, அவ்வளவுதான்.

"நீ சினேகிதியப் பாக்கிறியா, ஆகாயத்துல பிளேன் பாக்கிறியா?" என்றார் கிருஷாந்தி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள்.

தேநீர் குடித்துவிட்டு மறுபடி வந்து நின்றேன். விளக்குமாறு இப்போது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஷஹ்மா நின்றால் அவளுடைய கண்கள் எங்கே இருக்குமோ, சரியாக அந்த இடம். அது லேசாக நடுங்கியது. மோகனராஜ் அண்ணனுக்குக் கை வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

ஏனென்று தெரியவில்லை, எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. 'கட்' சொன்ன பிறகும் நிற்கவில்லை.

ஒரு விளக்குமாற்றைப் பார்த்து அவ்வளவு அழ முடியுமா? இரண்டு வருடமாக எனக்கு விடை தெரியாத கேள்வி அது. இப்போது அந்த அழுகை ஒரு தியேட்டரையே அழவைத்துக்கொண்டிருந்தது. பையன்களின் விசில் நின்றுவிட்டது. கிளிசரின் என்றவர்கூட ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"அந்த அண்ணன் மிச்சம் ஒசத்திப் புடிச்சார்."

ஷஹ்மாவின் குரல். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவ்வளவு ஒசரமில்லத் தானே. தேத்தண்ணிக்குப் பொறகு நான்தான் புடிச்ச."

அன்று அவளுக்கு நடிப்பு இருக்கவில்லை. வாப்பாவோடு எங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்திருப்பாள்.

திரையில் என் முகம் சுவர் அளவுக்கு இருந்தது. கண்மணிகள் மிக மெல்ல அசைந்தன. இடம், வலம், மறுபடி இடம். நடுங்கும் ஒன்றைப் பார்க்கும் கண்கள் அப்படித்தான் அசையும்.

பலகைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி அழுதிருக்கிறாள்.

என் கழுத்து திரும்பியது.

இந்த இரண்டு வருடத்தில் ஷஹ்மா நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். அவளுடைய கண்களைப் பார்க்க நான் தலையை உயர்த்த வேண்டியிருந்தது, ஏறக்குறைய மோகனராஜ் அண்ணன் பிடித்த உயரத்துக்கு.